2400+

சமாதானம் வந்து ஒன்றரை வருசம்.
கொழும்புப் பஸ்ஸிலிருந்து பெட்டி பெட்டியாகக்
கம்பியூட்டர் இறங்கிக்கொண்டிருந்தது.
அரசடியில் என் டைப்செற்றிங் கடைக்கு
அறுபத்தெட்டாயிரம் கொடுத்து ஒன்று வாங்கினேன்.
முப்பது சீட்டுக் காசு,
மிச்சத்துக்குக் காப்பு அடகு.

நெற்றியில் வெள்ளி ஸ்டிக்கர், 2400+.
"இரண்டாயிரத்து நாநூறு, அக்கா.
இதுக்கு மேல மட்டக்களப்பில ஒண்டும் இல்ல"
என்றான் காத்தான்குடி நிஃப்ராஸ்.

அன்றிரவு கரண்ட் போய்ப் போய் வந்தது.
வந்த ஒவ்வொரு முறையும் கறுப்புத் திரையில்
ஒரு வரி மின்னி மறைந்தது.
ஐந்தாம் தடவை பிடித்துவிட்டேன்.
2000 மெகாஹேர்ட்ஸ்.

நாநூறைத் தேடி
அவன் கடை திறக்கும் முன்னே போய் நின்றேன்.

"அது வேகமில்ல அக்கா, பேர்.
மத்தக் கொம்பனிக்காரன்ட இரண்டாயிரத்து நாநூறு
செய்யிற வேலைய
இது இரண்டாயிரத்திலயே செய்யும்."
"ஆரு அளந்தது?"
"கொம்பனிதான்."
"எந்தக் கொம்பனி?"
"இதைச் செஞ்ச கொம்பனி."
கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தான்.
"உங்கட பேர் செல்வராணி.
கிரீடத்தைக் காட்டுங்க எண்டு
ஆரும் கேட்டிரிக்காங்களா?"

சிரித்துவிட்டேன். அதுதான் பிழை.
சிரித்தபின் காசைத் திருப்பிக் கேட்க வாய் வராது.

வீடு வரும் வழியில் ஒரு சட்டி எருமைத் தயிர்.
தின்று முடித்துக் கரண்டியால் அடியைத் தட்டினேன்.
இரண்டு விரல் தடிப்புக்கு மண்.
அதற்கும் தயிர் விலைதான்.

வேலை செய்யாமலில்லை, பொய் சொல்லக்கூடாது.
பழைய மெசினில் ஒரு கலியாணக் கார்ட் திறப்பதற்குள்
தேத்தண்ணி ஆறிவிடும்.
இதில் சீனி கரைவதற்குள் மாப்பிள்ளை பேர் வந்துவிடும்.
ஆனாலும் அந்தக் கூட்டல் குறி.
கூட்டல் போட்டவன்
எதைக் கூட்டினான்,
விடையை ஏன் எழுதாமல் போனான்?

பெருநாளுக்கு முன் நிஃப்ராஸே வந்தான்,
கடைக்கு நோட்டீஸ் அடிக்க.
2400+ சிவப்பில் வேணும்,
வெடிக்கிற நட்சத்திரத்துக்குள்.
மஞ்சள் தாள், ஆயிரத்து இருநூறு பிரதி.

ஆயிரம் அடித்தேன்.
கட்டி, மேலே துண்டு ஒட்டினேன்,
1200+.

இரண்டாம் நாள் வந்து நின்றான்.
எண்ணியிருக்கிறான். வியாபாரியல்லவா.
"அது எண்ணிக்கையில்ல தம்பி," என்றேன்,
"பேர்."
ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
சிரித்தபின் அவனுக்கும் வாய் வரவில்லை.

மிச்ச இருநூறு தாளும்
மேசைக்கடியில் கிடந்தன, வெறுமையாக.

மார்கழி மழைக்குள் சித்தாண்டியிலிருந்து ஒருத்தி.
பொலித்தீன் பைக்குள் தம்பியின் படம்,
ஒரு காது மடிந்த பாஸ்போர்ட் அளவு.
தொண்ணூறில் போனவன்.
பாதை திறந்திருக்கிற நேரம்
நாலு ஊரில் ஒட்டிப் பார்க்கலாம் என்று வந்திருந்தாள்.
மலிவான தாள் போதும் என்றாள்.

பேர் அடித்தேன். ஊர் அடித்தேன்.
வயது?

"போகக்குள்ள பத்தொன்பது.
இப்ப..."
விரல் மடக்கத் தொடங்கி
ஏழோடு நிறுத்தினாள்.
"பத்தொன்பதெண்டே போடுங்க."

19 அடித்தேன்.
விரல் தன்பாட்டில் அடுத்ததையும் அடித்துவிட்டது.
19+
திரையில் அது நின்றது.
அவள் பார்க்கவில்லை,
பைக்குள் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.

அழித்தேன்.
மெசின் அதை
உடனேயே செய்தது.